திரையில் ஓடும் பந்து



நள்ளிரவு கடந்து அரைமணி நேரமாகிவிட்ட பொழுதில் திண்டுக்கல் வட்டாரத்தில் விழித்திருப்பவர்கள் யாவர் என்று எண்ணிப் பார்ப்போமானால், ஒட்டன்சத்திரம் சந்தையிலிருந்து காய்கறி ஏற்றிச் செல்லும் லாரி ஓட்டுநர்கள் முதலில் நினைவுக்கு வருவார்கள். நிலக்கோட்டைப் பக்கத்தில் மல்லிகை பறிப்பதற்காக விடியுமுன்னே எழுந்துவிடும் பெண்கள் அடுத்து நினைவுக்கு வருவார்கள். 2022-ஆம் ஆண்டு நவம்பர், டிசம்பர்த் திங்கள்களில் இவர்களோடு வேறொரு கூட்டமும் சேர்ந்துகொண்டது. கத்தார் நாட்டில் நடைபெற்ற உலகக் கோப்பைக் கால்பந்தாட்டத்தைக் காண்பதற்காகக் கண்விழித்த இளைஞர் கூட்டம் அது.

அவர்கள் கண்டு மகிழ்ந்தார்கள். மகிழ்ந்த அளவுக்கு மனக்குறையும் பட்டார்கள். நவம்பர் 20-ஆம் நாள் தொடக்க ஆட்டத்தன்று, இணையவழியே பார்த்தவர்களிடமிருந்து படம் இடையிடையே நின்றுபோகிறது என்ற முறையீடு நாடெங்கும் எழுந்தது. பந்து கோல் கம்பத்தை நெருங்கும்போது படம் உறைந்துவிட்டால் பார்ப்பவன் என்ன செய்வான்? கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாத கதைதான்.

"விளையாட்டைப் பார்ப்பதில் என்ன பெரிய குறை? பொழுதுபோக்குத்தானே!" என்று பெரியவர்கள் சொல்லக்கூடும். அது அவ்வளவு எளிதாகத் தள்ளத்தக்கதன்று. தொலைக்காட்சி ஆட்டத்தைக் காட்டும் கருவியாக மட்டும் இன்று இல்லை. ஆட்டம் எப்போது நடக்கவேண்டும், எந்த ஆட்டம் நடக்கவேண்டும், சில வேளைகளில் ஆட்டம் நடக்கவேண்டுமா வேண்டாவா என்பதையே அது முடிவு செய்கிறது. ஆதலால் ரசிகனின் குறைகளுள் எவை வெறும் சலிப்பு, எவை நியாயமானவை என்று ஆராய்ந்து பார்ப்பது பயனுடையது.

முதலில் பழைய நிலையைச் சற்று நினைத்துப் பார்ப்போம். இந்தியாவில் தொலைக்காட்சி 1959-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் டில்லியில் தொடங்கிற்று. சென்னைக்கு அது 1975-இல்தான் வந்தது. திண்டுக்கல் போன்ற ஊர்களுக்கு வருவதற்கு மேலும் காலம் பிடித்தது. 1982-இல் இலங்கையில் ரூபவாஹினி தொடங்கியபின், தென்மாவட்டங்களில் சிலர் உயர்ந்த கம்பங்களை நட்டு, மீன்முள்ளைப் போன்ற அலைவாங்கிகளைப் பொருத்தி, அந்நாட்டுப் படத்தைப் பிடித்துப் பார்த்ததுண்டு. பின்னர்க் கொடைக்கானலில் ஒளிபரப்பு நிலையம் அமைந்தது. தொலைக்காட்சி அலைகள் பெரும்பாலும் நேர்க்கோட்டில் செல்பவை. இடையில் மலை நின்றால் மறைபட்டுப்போகும். ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் உள்ள கொடைக்கானலிலிருந்து நோக்கினால் திண்டுக்கல் சமவெளி விரித்த பாய்போலக் கீழே கிடக்கிறது. ஆகவே நம் வீடுகளுக்குப் படம் மலையிலிருந்து இறங்கி வந்தது எனலாம்.

1986-இல் மெக்சிக்கோவில் நடந்த உலகக் கோப்பை ஆட்டங்களைத் தூர்தர்ஷன் நேரடியாக ஒளிபரப்பியபோது, தெருவுக்கு ஒரு வீட்டிலோ இரண்டு வீட்டிலோதான் பெட்டி இருந்தது. அந்த வீட்டுத் திண்ணையும் கூடமும் தெருவுக்கே பொதுவாயின. படத்தில் பனி பெய்வதுபோல் புள்ளிகள் தெரிந்தாலும் ஒருவரும் குறை கூறவில்லை. மரடோனாவைப் பார்த்ததே போதும் என்றிருந்தார்கள்.

இன்றைய இளைஞனுக்கோ கையளவுக் கண்ணாடியில் தெளிவான படம் கிடைக்கிறது. அவன் ஏன் குறைப்படுகிறான்? நன்றியின்மையாலா? அன்று. படம் தெளிவாகத் தெரியத் தொடங்கியபிறகுதான், எதைக் காட்டவில்லை என்பதும் தெளிவாகத் தெரிகிறது.

ரசிகனின் முதற்குறை காமிராவின் கண்ணைப் பற்றியது. கால்பந்து மைதானம் பெரும்பாலும் 105 மீட்டர் நீளமும் 68 மீட்டர் அகலமும் உடையது. அதில் 22 பேர் ஆடுகிறார்கள். தொண்ணூறு நிமிட ஆட்டத்தில், பந்து வெளியே போன நேரத்தையும் தவறுக்காக நின்ற நேரத்தையும் கழித்துவிட்டால், பந்து உண்மையில் ஆட்டத்தில் இருக்கும் நேரம் பெரும்பாலும் ஒரு மணிக்கும் குறைவே. அதை 22 பேருக்கும் பங்கிட்டுப் பாருங்கள். ஒருவனுடைய காலில் பந்து இருக்கும் நேரம் மூன்று நிமிடம்கூட இராது. மற்ற நேரமெல்லாம் அவன் என்ன செய்கிறான்? இடம் தேடுகிறான், எதிரியை இழுத்துச் செல்கிறான், தோழனுக்கு வழி திறந்துவிடுகிறான், பின்னால் ஓடிவந்து காவல் காக்கிறான். ஆட்டத்தின் அறிவெல்லாம் இங்கேதான் இருக்கிறது. ஆனால் படக்குழுவின் இயக்குநர் பந்தை வைத்திருப்பவனின் முகத்தையே அண்மைக் காட்சியாகக் காட்டுவாரானால், நாம் மூன்று நிமிடத்து மனிதனைக் காண்கிறோமே அன்றி ஆட்டத்தைக் காண்பதில்லை.

இன்னும் ஒன்று. கோல் வாய்ப்பு ஒன்று தவறியவுடன் அதன் மறுகாட்சியைக் காட்டுவார்கள். மறுகாட்சி என்பது 1963-ஆம் ஆண்டு அமெரிக்க நாட்டுக் கால்பந்து ஒன்றில் முதன்முதலாகக் கையாளப்பட்டது. நல்ல கண்டுபிடிப்புத்தான். ஆனால் மறுகாட்சி முடிந்து படம் மைதானத்துக்குத் திரும்பும்போது, பந்து மறுகோடியில் இருக்கும்! எப்படிப் போயிற்று, யார் கொண்டுபோனார் என்று தெரியாது. அரங்கில் அமர்ந்திருக்கும் கூட்டத்தின் வண்ண முகங்களைக் காட்டும்போதும், பயிற்சியாளர் கையைப் பிசைவதைக் காட்டும்போதும் இவ்வாறே நேர்கிறது. உலகக் கோப்பை ஆட்டம் ஒன்றுக்கு இன்று நாற்பதுக்கு மேற்பட்ட காமிராக்களை வைக்கிறார்கள். கண் பெருகப் பெருக, எந்தக் கண்ணால் பார்ப்பது என்ற மயக்கமும் பெருகுகிறது.

இங்கே வானொலியின் பழைய வரலாறு ஒன்றைச் சொல்வது பொருந்தும். 1927-ஆம் ஆண்டு ஜனவரி 22-ஆம் நாள், லண்டனில் ஆர்சனல் அணிக்கும் ஷெஃபீல்டு யுனைடெட் அணிக்கும் நடந்த ஆட்டத்தை பி.பி.சி. நிறுவனம் நேர்முக வருணனையாக ஒலிபரப்பிற்று. காதால் கேட்பவனுக்குப் பந்து எங்கே இருக்கிறதென்று எப்படித் தெரியும்? மைதானத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து எண்ணிட்ட படம் ஒன்றை அவர்கள் தம் வார இதழில் முன்னதாகவே அச்சிட்டுவிட்டார்கள். ஒருவர் ஆட்டத்தை விவரிக்க, மற்றொருவர் பந்து இருக்கும் கட்டத்தின் எண்ணைச் சொல்லிக்கொண்டே இருந்தார். கண்ணில்லாத கருவி, 'கேட்பவன் இடத்தை அறியவேண்டும்' என்று அவ்வளவு கவலைப்பட்டது. நாற்பது கண் படைத்த கருவி அந்தக் கவலையை மறந்துவிடலாமா?

இரண்டாவது குறை விளம்பரத்தைப் பற்றியது. இதன் காரணத்தை அறிந்தால் நம் நாட்டுக் கால்பந்தின் துன்பம் பாதி விளங்கிவிடும். கிரிக்கெட்டில் ஆறு பந்துக்கு ஒருமுறை ஓவர் முடிகிறது. இருபது ஓவர் ஆட்டத்தில் இரு அணிகளுக்குமாக நாற்பது ஓவர். ஒவ்வோர் ஓவருக்கும் பின் ஓர் இடைவெளி. ஆட்டக்காரர் அவுட்டானால் மேலும் ஓர் இடைவெளி. இவ்விடைவெளிகள் எல்லாம் விளம்பரத்துக்கு விற்பனையாகும் நிலங்கள். கால்பந்திலோ நாற்பத்தைந்து நிமிடம் ஓடினால் ஓடினதுதான். நடுவில் ஒரே ஓர் இடைவேளை. விற்பதற்கு நிலமே இல்லை. ஆகவே ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே படத்தைச் சுருக்கி ஓரத்தில் ஒதுக்கி, சோப்பையும் கைப்பேசியையும் நடுவில் காட்டும் ஆசை பிறக்கிறது. ரசிகன் சினம் கொள்கிறான். அவன் சினம் நியாயமானதே. ஆயினும் விளம்பரம் இல்லாமலும் கட்டணம் இல்லாமலும் ஒளிபரப்பு நடவாது என்பதையும் அவன் எண்ணிப்பார்க்க வேண்டும்.

மூன்றாவது குறை சற்று வேடிக்கையானது. அடுத்த வீட்டார் "கோல்!" என்று கூவுகிறார்கள். நம் படத்திலோ பந்து இன்னும் நடுக்களத்தில் உருண்டுகொண்டிருக்கிறது! இது ஏன்? துணைக்கோள் பூமத்தியரேகைக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஒளியின் வேகத்தில் செல்லும் அலை மேலே போய்த் திரும்பக் கால் விநாடிதான் ஆகிறது. எனவே குற்றம் வானத்தின்மேல் இல்லை. படத்தை எண்களாக மாற்றிச் சுருக்குவதற்குச் சில விநாடிகள் வேண்டும். இணையவழி வரும் படமோ சிறுசிறு துண்டுகளாக நறுக்கப்பட்டு வருகிறது. நடுவில் தடைப்படாதிருக்கப் பல துண்டுகளைச் சேமித்துக்கொண்ட பிறகே கைப்பேசி காட்டத் தொடங்குகிறது. அதனால் இருபது, முப்பது விநாடிகள் பின்தங்குவது இயல்பு. பழைய கொடைக்கானல் கோபுரத்துப் படம் புள்ளி விழுந்திருந்தாலும் எல்லா வீட்டிலும் ஒரே கணத்தில் விழுந்தது. தெரு முழுவதும் ஒரே குரலில் கூவிற்று. அத்தகைய பழைய தரைவழி ஒளிபரப்பிகளை, ஏறத்தாழ ஐம்பது தவிர, 2022 மார்ச்சுக்குள் பிரசார் பாரதி நாடெங்கும் நிறுத்திவிட்டது. இனி அந்த ஒருமித்த கூவல் திரும்புவது அரிது.

நான்காவது குறை நேரத்தைப் பற்றியது. 1986-இல் மெக்சிக்கோவின் கடும் வெயிலில், உச்சிப் பொழுதில் ஆட்டங்களை நடத்தினார்கள். ஐரோப்பியர் மாலையில் அமைதியாக அமர்ந்து பார்க்கவேண்டும் என்பதே காரணம். ஆட்டக்காரர்கள் முறையிட்டும் பயன் இல்லை. இறுதியாட்டமும் நண்பகலிலேயே நடந்தது. ஒரு கண்டத்தார் வசதிக்காக மற்றொரு கண்டத்தில் ஆடுகிறவன் வெயிலில் வேகவேண்டுமா என்ற கேள்வி அன்று எழுந்தது, இன்றும் அடங்கவில்லை.

ஆனால் ரசிகர்கள் ஒன்றுபட்டால் நேரத்தையும் மாற்றலாம் என்பதற்கு ஜெர்மனி சான்று. அங்கே ஒளிபரப்பு வசதிக்காகத் திங்கட்கிழமை இரவுகளில் சில ஆட்டங்களை வைத்தார்கள். வேலைக்குச் செல்பவன் திங்களிரவு தொலைவூருக்குப் போய் எப்படித் தன் அணியை ஊக்குவிப்பான்? 2018 பிப்ரவரி 19-இல் பிராங்க்ஃபர்ட் நகர ஆட்டத்தின்போது ரசிகர்கள் மைதானத்துக்குள் டென்னிஸ் பந்துகளை எறிந்து எதிர்ப்புத் தெரிவித்தார்கள். ஆட்டத்தைத் தடைசெய்வது பின்பற்றத்தக்க முறை என்று நான் சொல்லவில்லை. ஆனால் எதிர்ப்பு அந்த ஒரு நாளோடு நில்லாமல் விடாது தொடர்ந்தது. அவ்வாண்டு முடிவதற்குள் திங்கட்கிழமை ஆட்டங்களைக் கைவிட முடிவு செய்தார்கள். 2021-22 பருவத்தில் அவை நின்றுபோயின.

இவை நான்கும் 'எப்படிக் காட்டுகிறார்கள்' என்பதைப் பற்றிய குறைகள். இவை எல்லாவற்றினும் பெரியது, 'காட்டவே இல்லை' என்ற குறை. அது நம் அண்டைநகரமாகிய கோயம்புத்தூரிலேயே நேர்ந்தது.

2018-19-ஆம் ஆண்டு ஐ-லீக் போட்டித்தொடரில், கோவை நேரு விளையாட்டரங்கைத் தன் களமாகக் கொண்டு சென்னை சிட்டி அணி ஆடிற்று. சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ் பயிற்சியாளர். ஸ்பெயின் நாட்டு வீரர்களும் தமிழ் இளைஞர்களும் கலந்த அணி. பெத்ரோ மன்ஸி அப்பருவத்தில் 21 கோல்கள் அடித்தார். தமிழ்நாட்டு அணி ஒன்று அகில இந்தியப் பட்டத்தை நோக்கி முன்னேறிக்கொண்டிருந்த அந்த வேளையில், பருவத்தின் பிற்பகுதியில் எஞ்சிய ஆட்டங்களுள் ஒரு பகுதியே தொலைக்காட்சியில் இடம்பெறும் என்ற அறிவிப்பு வந்தது. பல கழகங்கள் எதிர்த்தன. ரசிகர்கள் மனம் நொந்தார்கள். பார்ப்பவர் தொகை குறைவு, செலவு மிகுதி என்பது ஒளிபரப்புவோரின் கணக்கு. காட்டாவிட்டால் பார்ப்பவர் எப்படிப் பெருகுவர் என்பது ரசிகரின் கேள்வி. விதைநெல்லைக் குறைத்துக்கொண்டே போய், விளைச்சல் குறைகிறது என்று வருந்துவதுபோல் அன்றோ இது?

2019 மார்ச் 9-ஆம் நாள், இறுதி ஆட்டத்தில் சென்னை சிட்டி அணி மினர்வா பஞ்சாப் அணியை 3-1 என வென்றது. அவ்வணிக்கு 43 புள்ளி. அடுத்து வந்த ஈஸ்ட் பெங்கால் அணிக்கு 42. ஒரே ஒரு புள்ளியில் பட்டம் தமிழ்நாட்டுக்கு வந்தது! திண்டுக்கல்லிலிருந்து சில மணி நேரப் பேருந்துப் பயணத்தில் நடந்த இவ்வெற்றியை நம் ஊரில் எத்தனை பேர் அறிவர்? மகளிர் நிலையும் இவ்வாறே. தேசிய மகளிர் கால்பந்துப் பட்டத்தைத் தமிழ்நாடு 2018-இலும் 2023-இலும் வென்றது. கத்தாரின் இறுதியாட்டத்தை நிமிடம் நிமிடமாகச் சொல்லக்கூடிய நாம், இவ்விரு வெற்றிகளில் ஒரு கோலையேனும் சொல்ல முடியுமா?

காட்டாமை ஆட்டத்தையே நிறுத்திவிடவும் கூடும். இந்தியன் சூப்பர் லீக் போட்டித்தொடர் 2014-இல் தொடங்கிற்று. அதனை நடத்திய நிறுவனத்துக்கும் அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்துக்கும் இருந்த ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடிய இருந்தது. அது புதுப்பிக்கப்படாமையால் அடுத்த பருவம் 2025 ஜூலையிலேயே நிறுத்திவைக்கப்பட்டது. வணிக உரிமைக்குப் புதிதாக ஏலம் கோரியபோது, நவம்பர்க் கெடு முடியும்வரை ஒருவரும் விலை கூற முன்வரவில்லை. வழக்கமாகச் செப்டம்பரில் தொடங்கும் தொடர் அவ்வாண்டு முடியும்வரை தொடங்கவே இல்லை. ஆட்டக்காரர்கள் வேலையின்றி நின்றார்கள். திரையின் விலை வீழ்ந்தால் களத்தில் ஆடுபவனின் வாழ்வும் வீழ்கிறது என்பதை இது காட்டிவிட்டது.

இந்நிலையில் சட்டம் நமக்கு ஏதேனும் துணை செய்கிறதா? செய்கிறது. கிரிக்கெட் ஒளிபரப்புப் பற்றி எழுந்த வழக்கு ஒன்றில், 1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், வானலைகள் பொதுமக்களின் சொத்து என்று தீர்ப்பளித்தது. 2007-இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் ஒன்று, நாட்டுச் சிறப்புடைய விளையாட்டுகளை ஒளிபரப்பும் தனியார், அந்த ஒளிபரப்பைப் பிரசார் பாரதிக்கும் பகிர்ந்தளிக்க வேண்டும் என்கிறது. உலகக் கோப்பைக் கால்பந்தின் முக்கிய ஆட்டங்கள் அவ்வகையில் அடங்கும். அதனால்தான் மாதக் கட்டணம் இல்லாத கூரைத் தட்டு உடைய குடும்பமும் இறுதியாட்டத்தைக் காண முடிகிறது. ஆனால் தனியார் கேபிள் வழியாகத் தூர்தர்ஷனைப் பார்ப்பவர்களுக்கு இப்பகிர்வு செல்லாது என 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. சட்டத்தின் கை பெரிய ஆட்டங்களுக்கு எட்டுகிறது. பள்ளி மைதானம்வரை அது எட்டுவதில்லை.

நம் மாவட்டத்தையே பாருங்கள். 2016-இல் தமிழ்நாடு பிரீமியர் லீக் கிரிக்கெட் தொடங்கியதுமுதல், நத்தத்தில் உள்ள கல்லூரி மைதானத்துக்குத் தொலைக்காட்சிக் காமிராக்கள் வந்தன. திண்டுக்கல் என்ற பெயரைத் தாங்கிய அணியின் ஆட்டம் நாடெங்கும் தெரிந்தது. மகிழத்தக்க செய்தி. கிரிக்கெட்டின்மேல் பொறாமை கொள்வதில் பயனில்லை. ஆனால் அதே மாவட்டத்தில், மாலை வெயிலில் புழுதி பறக்கக் கால்பந்து ஆடும் சிறுவனை எந்தக் காமிராவும் எட்டிப் பார்ப்பதில்லை. அவன் ஆட்டத்தைப் பார்க்க அவன் தெருவாரும் வருவதில்லை. அவர்கள் வீட்டுக்குள் அமர்ந்து ஐரோப்பிய அணிகளின் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டு, அந்த ஒளிபரப்பின் குறைகளைப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்! தொலைக்காட்சி எதையெல்லாம் காட்டுவதில்லை என்று முறையிடும் நாம், நம் கண்ணெதிரே நடப்பதைக் காணாதிருப்பது எவ்வகையில் நியாயம்?

மாணவர்களாகிய உங்களுக்கு மூன்று கருத்துகளைச் சொல்லி முடிக்கிறேன்.

முதலாவது, குறையை முறையாகச் சொல்லுங்கள். "ஒளிபரப்பு மோசம்" என்று ஏசுவதால் ஒருவரும் திருந்தார். இன்ன நாள், இன்ன ஆட்டம், இத்தனையாவது நிமிடத்தில் மறுகாட்சி காட்டியதால் ஆட்டம் மறைந்தது என்று எழுதுங்கள். கணக்கோடு வரும் குறைக்கு விடை சொல்லியாக வேண்டும்.

இரண்டாவது, பந்தில்லாத ஆட்டக்காரனையும் பார்க்கப் பழகுங்கள். திரையில் அவன் ஓரத்தில் தெரிந்தாலும் கண் அவனைத் தேடட்டும். பார்ப்பவர் அறிவு வளர்ந்தால் காட்டுபவர் அறிவும் வளரும்.

மூன்றாவதே முதன்மையானது. அடுத்த பள்ளிப் போட்டிக்கோ கல்லூரிப் போட்டிக்கோ நேரில் போங்கள். போகும்போது கைப்பேசியையும் கொண்டுபோங்கள். நடுக்கோட்டுக்கு நேராக, மாடியோ மேடையோ உயரமான இடமாகப் பார்த்து நில்லுங்கள். பந்தைத் துரத்தாமல், களத்தின் பெரும்பகுதி தெரியும்படி நிதானமாகப் பிடியுங்கள். யார் கோல் அடித்தார், எந்த நிமிடத்தில் அடித்தார் என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ஆசிரியரிடமும் வீரர்களிடமும் இசைவு பெற்று அதனை ஊராருக்குக் காட்டுங்கள். பெரிய நிறுவனங்கள் செய்யாதுவிட்ட பணியில் ஒரு சிறு பகுதியை நீங்கள் செய்தவராவீர்கள். பார்க்க ஆளிருக்கிறது என்று தெரிந்தால் ஆடுபவன் ஊக்கம் பெறுவான். கூட்டம் இருக்கிறது என்று தெரிந்தால் ஒருநாள் காமிராவும் தானே வரும்.

இன்று மாலையே உங்கள் ஊர் மைதானத்தில் யாரோ பந்து உதைத்துக்கொண்டிருப்பார்கள். அங்கே படம் நிற்காது, விளம்பரம் குறுக்கிடாது, அடுத்த வீட்டாருக்கு முன்பே கோலை நீங்கள் காண்பீர்கள். போய்ப் பாருங்கள்.